டேங்க் மாமா பிடித்த கல்

பௌர்ணமி நிலவைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற மனிதரை இந்த உலகத்தில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் மந்தைவெளியில், நான் குடியிருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தொட்டிக்குள்தான் இருந்தார்.

அங்கே குடிபோன முதல் வாரம், இருட்டுகிற நேரத்தில், காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். இரண்டு பெரிய கறுப்புத் தொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கொடியிலிருந்து என் லுங்கியை உருவினேன்.

"லுங்கி அப்படியே இருக்கட்டும். எடுக்காதீங்கோ" என்றது தொட்டி.

தொட்டி பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் லுங்கியும் கையுமாக இரண்டடி பின்னால் போனேன். தொட்டியின் மேல்புறத்திலிருந்து ஒரு தலை எழும்பியது. சித்திரை மாதப் புழுக்கத்தில் அந்தத் தலையில் கம்பளிக் குரங்குக் குல்லா.

"எதிர்வீட்டு பாத்ரூம் லைட்டை அந்த லுங்கிதான் மறைச்சிண்டிருக்கு" என்று விளக்கம் சொல்லிவிட்டுத் தலை உள்ளே போய்விட்டது.

லுங்கியை விட்டுவிட்டு முதல் மாடிக்கு ஓடினேன். குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி வரதன் அங்கேதான் இருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை மடிக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"சார், மாடியில டேங்க்குக்குள்ள ஒருத்தர் இருக்கார்."

"ஆமாம். ஆறரைக்கு மேல இருப்பார்."

"நாம அந்தத் தண்ணியையா சார் குடிக்கிறோம்?"

"சேச்சே. அது காலி டேங்க். குடிக்கிறது பக்கத்து டேங்க்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார் வரதன்.

டேங்க் மாமாவின் நிஜப் பெயர் அவர் வீட்டு மின்கட்டணச் சீட்டில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன். மின்சாரத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊருக்கெல்லாம் லைட் போட்ட ஆசாமி, இப்போ ஒவ்வொண்ணா அணைச்சுண்டு வரார்" என்று வரதன் அலுத்துக்கொள்வார். விஷயம் இதுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான கற்பாறைகள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் யார் கண்ணிலும் படாத கல் ஒன்றைத் தான் பிடித்துவிட வேண்டும் என்பது மாமாவின் ஒரே ஆசை. சங்கம் பழைய இரும்புக்காரருக்குப் போட இருந்த விரிசல் விட்ட தொட்டியைக் கெஞ்சி வாங்கி, விரிசலை அடைத்து, நடுவே குறுக்காக அறுத்தார். கீழ்ப்பாதிக்குள் தொலைநோக்கியை நட்டு, மேல்பாதியில் ஜன்னல் வெட்டிச் சக்கரம் வைத்துச் சுற்றும்படி மூடினார். வானத்தில் ஒரே இடத்தை இடைவெளி விட்டு நான்கு முறை படமெடுப்பார். நான்கிலும் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கும். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது கல்.

அவர் பிடித்ததெல்லாம் ஏற்கெனவே யாராவது பிடித்த கல்லாகவே இருந்தது. அதற்குக் காரணம் வெளிச்சம் என்று மாமா தீர்மானமாக நம்பினார். அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் மாடிப்படி பல்பு எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. வேட்டி மடிப்பில் பல்புகளோடு அவர் இறங்கி வருவதை வரதன் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். "யாராவது உருண்டு விழுந்து மண்டை உடைஞ்சா நீரா பொறுப்பு?" என்று வரதன் கத்த, "ஆள் இறங்கறச்சே நான் டார்ச் அடிக்கறேன்" என்று மாமா சொல்ல, ஆறு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்களுக்கு எதிர்ச் சாரியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்தது. வாசலில் தலைவருடைய படம் போட்ட ராட்சச பேனர், அதற்கு மேல் இரண்டு ஃபோகஸ் லைட். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சேகரிடம் மாமா நேரே போய்விட்டார். தடுக்கத்தான் நான் கூடப் போனேன். அதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"தம்பி, உங்க தலைவர் மேல அடிக்கற லைட்டைக் கொஞ்சம் அணைச்சு வெக்க முடியுமா?"

"இன்னா பெர்சு, தலைவரையே இருட்டுல நிக்கச் சொல்றியா?"

"இந்த லைட் எரிஞ்சிண்டிருந்தா என்னால ஒரு கல்லுகூடப் பிடிக்க முடியலை."

"கல்லா? கல்லு இன்னாத்துக்கு?"

மாமா விரலை உயர்த்திக் காட்டினார். அவர் காட்டியது வானத்தை. சேகர் பார்த்தது வழியில் இருந்த தலைவரின் முகத்தை. அன்றிரவே பேனருக்கு மேலும் மூன்று விளக்கு போடப்பட்டது, கீழே இரண்டு பேர் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாமா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வீட்டுச் சமையலறையில் எனக்கு நேர்ந்த அதிர்ச்சி வேறு விதம். மாமி எனக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, உலைக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் ஆழாக்கை விட்டார். டங் என்று சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து குழல் மாதிரி ஒரு கேமராவை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, மேடைமேல் வைத்துவிட்டு, அரிசியை அளந்துகொண்டு, மறுபடியும் அதை அரிசிக்குள் புதைத்தார். கடல்காற்றின் ஈரம் பட்டால் கேமரா கெட்டுவிடும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது மாமாவின் ஏற்பாடு.

"தினமும் இப்படியா மாமி?"

"உளுந்து டிரம்முல ஒயர் இருக்கு. பார்க்கறேளா?" என்றார் மாமி. அந்த மாமி அதுவரை ஒரு நாள்கூடத் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததில்லை. "எனக்கு வேற ஜோலி இருக்கு" என்பார்.

அவர்கள் பெண்ணின் கல்யாணத்தில்தான் உச்சக்கட்டம். பௌர்ணமியன்றுதான் முகூர்த்தம் வைக்க வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். திருவல்லிக்கேணி சம்பந்தி நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இவ்வளவு ஆசாரமான மனிதரா என்று தன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சாயங்காலம் வரவேற்பில் அவரே மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்டார்.

"பௌர்ணமியில வானமெல்லாம் வெளுத்துடும். அன்னிக்கு எனக்கு எப்படியும் வேலை ஓடாது. அதான் கல்யாணத்தை வெச்சுண்டேன்" என்றார் மாமா.

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மாப்பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக இன்னும் நேரம் இருக்கிறதா என்ற கேள்வி இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பங்குனி மாதக் காலையில் என் வீட்டு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றார். மாமிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"எழுத்தாளரே, ஒரு புள்ளி நகர்ந்திருக்கு. எந்தப் பட்டியல்லயும் இல்லை. யாரும் பார்க்காத கல்லு."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டைக்குள் குடித்தார். பிறகு மெல்லச் சொன்னார். ஒரு ராத்திரி பார்த்தது கணக்கில் வராது. உடனடியாக இன்னொரு நாளும் அதே கல்லைப் பிடித்துக் காட்டினால்தான் அது எந்தப் பாதையில் போகிறது என்று நம்புவார்கள். விட்டால் கல் காணாமல் போய்விடும். பிறகு எவன் பார்க்கிறானோ அவன் கல். வளர்பிறை வேறு ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு மேகம் வரும் என்று வானிலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு ராத்திரி விட்டா போச்சு. இவ்வளவு வருஷம் தொட்டிக்குள்ள உட்கார்ந்தது இதுக்குத்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு ராத்திரிக்குத் தெம்பு வேண்டுமென்று தூங்கப் போனார்.

அதே நாள்தான் கீழே சம்ப் கழுவினார்கள். நிலத்தடித் தொட்டி காலி என்பதால் லாரித் தண்ணீரை நேராக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிடச் சொல்லியிருந்தார் வரதன். லாரி ஓட்டுகிற ஏழுமலை குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். அங்கே இரண்டு கறுப்புத் தொட்டிகள். ஒன்றின் மூடிக்குப் புறாத் தொல்லைக்காக வரதனே பூட்டுப் போட்டிருந்தார். இன்னொன்றில் ஜன்னல் மாதிரி பெரிய திறப்பு. ஏழுமலை எதில் குழாயைச் சொருகுவார்?

நான் வெளியே போயிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது மாடிப்படியில் தண்ணீர் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஓடினேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குளத்தில் இறங்கிய யானை தும்பிக்கையை மட்டும் மேலே வைத்திருப்பதுபோலத் தொலைநோக்கியின் முனை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

என் அலறலில் வரதன் வந்தார், மாமி வந்தார், ஏழுமலையும் வந்தார். பதற்றத்தில் நானும் வரதனும் மேல்பாதியைத் தூக்கி இறக்கினோம். கை நழுவி அது தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. கெட்டதும் போதாதென்று கூரையும் போயிற்று.

"இன்னா சார் இது, டேங்க்குக்குள்ள பீரங்கி கீது?" என்று ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவை யார் எழுப்புவது? எல்லாரும் மாமியைப் பார்த்தோம். "நான் எழுப்ப மாட்டேன். அவர் தூக்கத்துல சிரிச்சுண்டிருக்கார்" என்று மாமி அழ ஆரம்பித்துவிட்டார். வரதன் அப்படியே தரைத் தண்ணீரில் உட்கார்ந்தார். அழுகைச் சத்தத்துக்கு மாமாவே எழுந்து வந்துவிட்டார்.

கத்துவார், மயங்கி விழுவார், வரதனின் கழுத்தைப் பிடிப்பார் என்று மூன்றுக்கும் தயாராக நின்றோம். மாமா தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வழிகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு ஏழுமலையிடம் ரொம்பச் சன்னமான குரலில் கேட்டார்.

"எந்த ஊர்த் தண்ணிப்பா இது?"

"நல்ல தண்ணி நைனா. கெணத்துத் தண்ணி."

மாமா உள்ளங்கையால் அள்ளி ஒரு வாய் குடித்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்த்து விழுங்கினார்.

"உப்பு இல்லை. உப்பா இருந்தாத்தான் கண்ணாடி போயிடும்" என்றார். "இந்தக் கண்ணாடியில வருஷக்கணக்கா தூசு. அலம்பினா கீறல் விழுந்துடுமோன்னு பயந்துண்டே இருந்தேன். நீ அலம்பிட்டே. யாரும் துணியால துடைக்கப்படாது. தானா காயட்டும்."

ஏழுமலை குழாய் வைத்துத் தொட்டித் தண்ணீரை வெளியேற்றினார். கேமரா அரிசி டிரம்மில் பத்திரமாக இருந்தது. தொலைநோக்கியை நகர்த்துகிற மோட்டார்தான் செத்துவிட்டது. அதைக் கையாலேயே திருப்பிக்கொள்கிறேன் என்றார் மாமா. ஆனால் கூரை இல்லையே. சுற்றுவட்டாரத்து வெளிச்சமெல்லாம் நேராகத் தொலைநோக்கிக்குள் விழும். மாமா முதல் தடவையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். "போச்சு. விட்டுடுங்கோ" என்றார். அதுதான் அன்று எனக்கு நேர்ந்த பெரிய அதிர்ச்சி. எதற்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர்.

வரதன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நாலு மாடிப் படியிலும் ஏறி இறங்கி, தன் கையாலேயே பல்புகளைக் கழற்றினார். எதிர்வீட்டுக்குப் போய் பாத்ரூம் லைட்டை அணைக்கச் சொல்லி, அவர்கள் காரணம் கேட்டதும், "ஒரு கல்லு தப்பிச்சுப் போறது" என்று சொன்னாராம். அங்கிருந்து நேராகக் கட்சி அலுவலகம். சேகர் தானே கிளம்பி வந்து மாடியைப் பார்த்தான். ஈரத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான்.

"பெர்சு, மேல இருக்கற கல்லா? அத்த அன்னிக்கே சொல்லக்கூடாதா? நான் ஒரு மாசமா தூங்கல" என்றான். ஐந்து விளக்கும் அணைந்தன. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒரு தலைவர் இருட்டில் நின்றது அந்த ஒரு ராத்திரிதான்.

அப்படியும் மெயின் ரோட்டு வெளிச்சம் நாலாபுறமும் வந்தது. கடைசியில் மாமிதான் வழி சொன்னார். கோயிலில் அலங்காரத்தின்போது திரை பிடிப்பார்களே, அப்படி நாலு பக்கமும் போர்வை பிடிக்கச் சொன்னார். நான், வரதன், ஏழுமலை, சேகர் நாலு பேரும் நாலு மூலையில் ஸ்டூல்மேல் ஏறி, கறுப்புப் போர்வைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். நடுவில் குரங்குக் குல்லாவோடு மாமா. மாடிப்படிக்குள், அட்டைப்பெட்டிக்குள் வைத்த லேப்டாப்போடு மாமி. மாமா "ம்" என்றால் மாமி பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு "ம்"முக்கு நடுவே எங்கள் கை விழுந்துவிடும் போலிருக்கும். நான் இரண்டு தடவை இறக்கிவிட்டேன். "எழுத்தாளரே" என்று இருட்டிலிருந்து குரல் வரும். மறுபடியும் தூக்குவேன். நடுவில் வரதனின் செல்போன் பளிச்சென்று எரிந்தது. வரதன் அதை அப்படியே ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். போர்வையை மட்டும் விடவில்லை.

நாலு படம் முடிந்தது. எல்லாரும் லேப்டாப்பைச் சுற்றிக் குனிந்தோம். மாமா படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். எள்ளைக் கொட்டியதுபோல ஆயிரம் புள்ளிகள். ஒன்றும் நகரவில்லை. மறுபடி ஓடவிட்டார்.

"இதோ இந்த ஓரத்துல ஒண்ணு ஊர்ந்து போறதே, அதுவா?" என்றார் மாமி. திரையில் அரிசிமாவு விரல் பதிந்தது.

அதுதான். மாமா மாமியை ஏதோ புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "தினமும் அரிசியில கல்லு பொறுக்கறவளுக்கு இது தெரியாதா?" என்றார் மாமி.

அன்று போர்வையை மடித்துக்கொண்டு நான் இறங்கும்போது மாமா படியில் என்னை நிறுத்தினார். கண்டுபிடித்தவருக்குத்தான் கல்லுக்குப் பெயர் வைக்கிற உரிமை என்றும், அதற்குச் சில வருஷம் ஆகும் என்றும் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கோ. உங்க பேர்தான் வெக்கப்போறேன்" என்று காதோடு சொன்னார். நான் அன்று தூங்கவில்லை. ஆகாயத்தில் என் பெயர் சுற்றப்போகிறது. அடுத்த நாலு வருஷமும் அந்த ரகசியத்தை வீட்டில்கூடச் சொல்லாமல் கட்டிக்காத்தேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது என்னை மதிக்காமல் பேசினால்கூட, பாவம், இவர்களுக்குத் தெரியாது என்று மன்னித்துவிடுவேன்.

போன வருஷம் கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவாயிற்று. பிரிவதற்கு முன்னால் மொட்டைமாடியில் எல்லாருக்கும் சாப்பாடு. ஏழுமலையும் சேகரும்கூட வந்திருந்தார்கள். பாயசம் பரிமாறும்போது வரதன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் பிரியப்போறோம், இனிமே மறைக்க வேண்டாம்னு சொல்லிடறேன். அந்தக் கல்லுக்கு மாமா என் பேரைத்தான் வெக்கப்போறார்."

எனக்குப் பாயசம் மூக்கில் ஏறியது.

"சார், இன்னா சொல்ற? என் பேருன்னுல சொல்லிக்கினு இருந்தாரு" என்று ஏழுமலை இலையைவிட்டு எழுந்தார்.

"நான் தலைவர் கைல சொல்லிட்டேன்யா" என்றான் சேகர், ஈனஸ்வரத்தில்.

நாலு பேரும் மாமாவைப் பார்த்தோம். அவர் நிதானமாகப் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு இவளுக்கு. இவதானே பார்த்தா" என்றார். மாமி தலையைத் திருப்பிக்கொண்டார். "ஆனா உங்க நாலு பேர்கிட்ட சொன்னது பொய்யில்லை. அங்கே கல்லுக்கா பஞ்சம்? ஒவ்வொண்ணா பிடிச்சு ஒவ்வொருத்தருக்கா வெச்சுடறேன். கண்ணாடி அலம்பினவன் முதல்ல. அப்புறம் வரதன், அப்புறம் சேகர்."

"நான் மாமா?"

"நீங்க கடைசி. ரெண்டு தடவை கையை இறக்கினேளே."

அடுத்த நாள் காலை ஏழுமலையின் லாரியிலேயே தொட்டியை ஏற்றிக்கொண்டு, விளக்கு குறைவான இடமாகப் பார்த்து, செய்யூர்ப் பக்கம் குடிபோனார்கள். தொலைநோக்கி ஆடாமல் பிடித்துக்கொள்ள மாமா தொட்டிக்குள்ளேயே நின்றுகொண்டு போனார். அந்தக் குரங்குக் குல்லா அடையாறு பாலத்தைத் தாண்டுவதைப் பார்த்து எத்தனை பேர் பிரேக் போட்டார்களோ.

போன வாரம் போன் செய்தார். ஏழுமலையின் கல் கிடைத்துவிட்டது. வரதனுடையதும் கிடைத்துவிட்டது. சேகருக்கு ஒன்று கண்ணில் பட்டு, இரண்டாம் நாளும் பிடித்தாயிற்றாம். குரல் முன்னைப்போல இல்லை, இருமல் வேறு.

"அடுத்தது நீங்கதான் எழுத்தாளரே. நடுவுல இந்தப் பௌர்ணமிச் சனியன் வந்து தொலைஞ்சிருக்கு. முடிஞ்சதும் பிடிச்சுடறேன். அதோட என் பாக்கி தீர்ந்தது, தொட்டியை விட்டு இறங்கிடலாம்."

"எனக்கு அவசரமே இல்லை மாமா" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். நிலா தட்டு மாதிரி நின்றது. நானும் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே எரியட்டும் என்றுதான் தோன்றியது. என் கல் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. மாமா கண்ணில் சிக்காமல் அது நிதானமாகவே சுற்றட்டும், அவர் தேடிக்கொண்டே இருக்கட்டும்.